எல்லாரும் பார்க்கட்டும்!

கே: இந்த வாரம் முழுக்க ஒரே விஷயம்தானாமே? (ஜூரோங் வாசகர்)

ப: ஆமாம். பிடிக்காவிட்டால் அடுத்த பக்கத்தில் ராசிபலன் இருக்கிறது.

கே: என் மகன் சனிக்கிழமை தவறாமல் ‘டி அண்ட் டி’ ஆடப் பிரின்செப் ஸ்திரீட் பக்கம் போய்விடுகிறான். ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நான்கு மணி நேரம் பேசுகிறார்களாம். கடைசியில் யாரும் ஜெயிப்பதில்லையாம். இது என்ன விளையாட்டு? (பொங்கோல் தாயார்)

ப: நான்கு மணி நேரம் பேசி யாரும் ஜெயிக்காமல் எழுந்து போவதற்கு நம்மவர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் மகனுடையதில் கூடுதலாக ஒரு டிராகன் உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இந்த ஆட்டத்தை 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்டார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவர் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: ஒருத்தி மந்திரவாதி, ஒருவன் திருடன், இன்னொருவன் எதையும் கோடாலியால் தீர்த்துக்கொள்ளலாம் என்று நம்புகிறவன். “கதவை உதைக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், கதவு உடைந்ததா, கால் சுளுக்கியதா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். சதுரங்கத்தில் எதிராளி அரை மணி நேரம் கைத்தொலைபேசியில் மூழ்கினாலும் குதிரை நின்ற கட்டத்தில்தான் நிற்கும். இங்கே கட்டமும் இல்லை, குதிரையும் இல்லை. ஒருவர் சொல்வதை மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் வரைதான் அந்தக் கோட்டை நிற்கும். கேட்பதை நிறுத்தினால் கோட்டையே கிடையாது. மேசைமீது கைத்தொலைபேசி இருக்கலாமா, கூடாதா என்று இத்தனை கடிதங்கள் வந்து குவிந்திருப்பதற்கும் அதுதான் காரணம். உங்கள் மகனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான்கு மணி நேரம் பிறர் பேசுவதைக் கேட்கப் பழகிய பையன், கல்யாணச் சந்தையில் அபூர்வச் சரக்கு.

கே: எங்கள் டிஎம் வாசலிலேயே ஒரு கூடையை வைத்து எல்லாருடைய கைத்தொலைபேசியையும் பிடுங்கிக்கொள்கிறார். இது நியாயமா? (அங் மோ கியோ வாசகர்)

ப: காய்ச்சல்காரன் வாயிலிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்கிவிட்டு, காய்ச்சல் போய்விட்டது என்கிறார் உங்கள் டிஎம். கைத்தொலைபேசி எப்போது வெளியே வருகிறது என்று கவனித்திருக்கிறாரா? அரசன் விஷம் குடித்துச் சாகும் கட்டத்தில் யாரும் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை. சண்டைக் கட்டத்தில்தான் பார்க்கிறார்கள். ஏன் என்பதைக் கணக்கே சொல்லும். ஐந்து ஆட்டக்காரர்கள், ஒரு டிஎம். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால், உங்கள் முறை முடிந்து மறுபடி வருவதற்குள் பதினைந்து நிமிடம் கழிந்திருக்கும். இரண்டு மணி நேரச் சண்டையில் உங்களுக்கென்று கிடைப்பது மொத்தம் இருபது நிமிடம். மீதி நேரத்தில், அடுத்தவன் தன் மந்திரத்தின் வீச்சு முப்பது அடியா அறுபது அடியா என்று புத்தகம் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எம்ஆர்டியில் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில்கூடச் சும்மா நிற்கத் தெரியாத ஊர் இது. கை பைக்குள் போகாமல் என்ன செய்யும்? சண்டையை வேகப்படுத்துங்கள். “இப்போது நீ, அடுத்து நீ, தயாராயிரு” என்று டிஎம் முன்கூட்டியே சொல்லட்டும். தாக்கும் பகடையையும் சேதக் கணக்குப் பகடையையும் ஒன்றாகவே உருட்டுங்கள். கூடையில் பழம் வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு மறுப்பு உடனே வரும்: ஆட்டம் எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் அந்தக் கருவி சும்மா கிடக்காது, அது இழுக்கும். 2017ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். தங்கள் கைத்தொலைபேசியைத் தொடாமல் மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட, அதை வேறு அறையில் விட்டு வந்தவர்கள் நினைவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள் என்பது முடிவு. கூடைக் கட்சிக்கு இது வேதவாக்கு. ஆனால் அதே சோதனையைப் பிறகு செய்துபார்த்த எல்லாருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே அந்த ஒரு தாளை நம்பி நான் தீர்ப்பு எழுத மாட்டேன். இன்னொரு மறுப்பு உள்ளூர்ச் சரக்கு: 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில், இடைவேளை உட்படப் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசிக்கும் திறன்கடிகாரத்துக்கும் தடை போட்டிருக்கிறது கல்வி அமைச்சு. அமைச்சு செய்தால் சரி, டிஎம் செய்தால் தப்பா? தப்புதான். பள்ளிக்கூடம் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த இடமில்லை, பாடம் சுவையாக இல்லாவிட்டாலும் நடந்தாக வேண்டும். ஆட்ட மேசைக்கோ மணிக்கு இத்தனை வெள்ளி என்று சொந்தக் காசு கொடுத்து வந்து உட்கார்கிறார்கள். அப்படி வந்தவன் கண்ணைத் திருப்பினால் அது ஒரு சேதி. சேதி கொண்டுவருகிறவனைச் சிறையில் போடுவது பழைய ராஜாக்கள் பழக்கம்.

போதாக்குறைக்குக் கூடை நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே விழுங்குகிறது. பலருடைய பாத்திரத் தாள் இன்று செயலியில்தான் இருக்கிறது. மந்திரத்தின் விவரம் பத்து விநாடியில் கிடைத்துவிடுகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கருவி எல்லாரையும் நடுமேசைக்கு இழுக்கிறதா, ஒருவரை மட்டும் மேசையைவிட்டு இழுத்துக்கொண்டு போகிறதா? தொலைக்காட்சியைப் படுக்கப்போட்டு அதில் நிலவறையின் வரைபடத்தைக் காட்டினால் ஆறு தலையும் குனியும். இருக்கட்டும். காதில் ஒரு பக்கம் மட்டும் செருகிய காதுக்குழலில் கால்பந்து வர்ணனை ஓடுகிறதா? வெளியே.

கே: திறன்கடிகாரம்? (ஜூரோங் வாசகர்)

ப: நிமிடத்துக்கொரு முறை மணிக்கட்டைப் பார்க்கிறவருக்கு வீட்டுக்குப் போக ஆசை. அனுப்பிவையுங்கள்.

கே: பகடையைச் செயலியில் உருட்டினால் என்ன? பிளாஸ்டிக் பகடையைவிடக் கணினி நேர்மையானதுதானே? (கிளமெண்டி பொறியாளர்)

ப: நேர்மையில் கணினியே மேல், ஒப்புக்கொள்கிறேன். மலிவான பிளாஸ்டிக் பகடையில் ஒரு பக்கம் சற்றே துருத்தியிருக்கும், உள்ளே காற்றுக் குமிழி இருக்கும். ரோல்20 என்ற இணையதளமோ ஒளிக்கற்றையைப் பிளந்து, அதன் ஆற்றலில் தெரியும் ஏற்ற இறக்கத்திலிருந்து எண்களை எடுப்பதாகச் சொல்கிறது. கதவை உதைப்பதற்குக் குவாண்டம் இயற்பியல்! மனிதகுலம் முன்னேறிவிட்டது. இந்த ஆட்டத்துக்குப் பகடைதான் தெய்வம் என்றும் சொல்ல முடியாது. 1979 வாக்கில் பகடைத் தட்டுப்பாடு வந்து, அப்போது இந்த ஆட்டத்தை விற்ற டிஎஸ்ஆர் நிறுவனம் தன் ஆட்டப் பெட்டிக்குள் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் போட்டு, கிண்ணத்தில் குலுக்கி எடுத்துக்கொள்ளச் சொன்னது. அப்போதும் டிராகன்கள் ஒழுங்காகத்தான் செத்தன.

ஆனால் நேர்மையா பிரச்சினை? சாட்சிதான் பிரச்சினை. பகடை உருளும் இரண்டு விநாடி அது யாருடையதும் இல்லை. ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே பொருளைப் பார்க்கிறார்கள். இருபதில் ஒரு வாய்ப்புள்ள இருபது விழுந்தால் கூச்சலும் ஆறு தொண்டையிலிருந்து ஒன்றாக வரும். செயலியில் ஒருவர் விரலால் தட்டி, ஒருவர் மட்டும் பார்த்து, “பதினேழு” என்று அறிக்கை விடுகிறார். அரசிதழில் வந்த அறிவிப்பைப் போல் மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். கீழடியில் மண்ணுக்கடியிலிருந்து பகடைக்காய்கள் கிடைத்திருக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பண்டைய எகிப்தின் இருபது முகக் காய் இருக்கிறது. இத்தனை நூற்றாண்டாக மனிதர்கள் இதை நாலு பேர் நடுவில் உருட்டியதற்குக் காரணம், அவர்களிடம் செயலி இல்லை என்பது மட்டுமல்ல.

“சகுனி எல்லார் கண் முன்னாலும் உருட்டித்தானே ஏமாற்றினான்?” என்று கிளமெண்டியில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. அருமையான கேள்வி. அவை முழுக்கப் பார்த்ததால்தான் அது சூழ்ச்சி என்று இன்றுவரை பேசுகிறோம். சகுனி மேலாடைக்குள் கையைவிட்டு எதையோ தட்டி, “கேட்ட எண்ணே விழுந்திருக்கிறது மருமகனே” என்று சொல்லியிருந்தால், பீமன் அந்த இடத்திலேயே கதையை முடித்திருப்பான். வியாசருக்குப் பதினாறு பர்வம் மிச்சம். ஆகவே செயலிதான் வேண்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், அதன் முடிவு எல்லாருக்கும் தெரியட்டும். டி அண்ட் டி பியாண்ட் என்ற இணையதளத்தில் ஒருவர் உருட்டியது குழுவில் எல்லார் திரையிலும் பதிவாகும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு உருட்டுகிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. அதை அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களுக்கு மட்டும் எப்படி வாரம் நான்கு இருபது விழுகிறது என்பதை இயற்பியலாளர்கள் ஆராயட்டும்.

கே: அடுக்குமாடிக்குக் கீழே வெற்றுத்தளத்தில் பகடை உருட்டினால் போலீஸ் வருமா? (ஈசூன் மாணவர்)

ப: பணமோ பணப்பெறுமானமுள்ள பொருளோ பணயம் வைத்தால்தான் சூது. 2022 ஆகஸ்ட்டில் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டுக்குள் பணம் வைத்து ஆடுவதைக்கூட, யாரும் அதில் தொழில் நடத்தாதவரை அனுமதிக்கிறது. வெற்றுத்தளத்துக்கு அந்தச் சலுகை இல்லை. நீங்கள் பணயம் வைப்பது ஒரு கற்பனைக் குள்ளனின் உயிரைத்தானே? பயப்படாமல் உருட்டுங்கள். இரவு பத்தரைக்கு மேல் கத்தினால் போலீஸ் வரலாம், அது வேறு சட்டம்.

கே: டேப்லட் வாங்க சிம் லிம் ஸ்குவேரா, முஸ்தபாவா? (ஜூரோங் வாசகர்)

ப: பேரம் பேசத் தெரிந்தால் முதலாவது. நள்ளிரவில் ஆசை வந்தால் இரண்டாவது. மாதக் கடைசி என்றால் இரண்டும் இல்லை.

கே: மடிக்கணினியை உங்களுக்கு ஏன் பிடிப்பதில்லை? (தோ பாயோ வாசகி)

ப: அதன் மூடி ஒரு சுவர். டேப்லட் மேசைமேல் மல்லாந்து கிடக்கும், பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்கலாம், “இதோ பார்” என்று நகர்த்தலாம். மடிக்கணினியோ நிமிர்ந்து உட்கார்ந்து, ஒருவர் முகத்தில் பாதியை மற்ற ஐந்து பேரிடமிருந்து மறைத்துவிடும். அந்தச் சுவருக்குப் பின்னால் அவர் தன் பாத்திரத்தின் மந்திரங்களைப் பார்க்கிறாரா, இணையக் கடையில் செருப்பு பார்க்கிறாரா என்பது அவருக்கும் அவருடைய வங்கி அட்டைக்கும் மட்டுமே வெளிச்சம். டிஎம் முன்னாலும் ஒரு அட்டை மறைப்பு நிற்கிறதே, அதையும் இந்த ஆட்டத்தின் நிறுவனமே 1979லேயே அச்சடித்து விற்றதே என்பீர்கள். அந்த மறைப்புக்குப் பின்னால் இருப்பது ஆட்டத்தின் ரகசியம். அது அங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், இன்றைக்கோ அடுத்த வாரமோ அது நம் தலையில் விழப்போகிறது என்றும் தெரியும். செருப்பு யார் தலையிலும் விழப்போவதில்லை.

கே: விதிப்புத்தகங்களைச் செயலியில் வாங்கினால் சுமை இல்லை, தேடுவது சுலபம். காகிதத்தைக் கட்டிக்கொண்டு ஏன் அழவேண்டும்? (தெம்பனிஸ் வாசகர்)

ப: தேடுவது சுலபம் என்பதை மேலேயே ஒப்புக்கொண்டாயிற்று. அதற்காக மேசைக்கு ஒரு கருவி இருக்கட்டும், இரண்டுகூட இருக்கட்டும். ஆனால் வாங்கினேன் என்கிறீர்களே, எதை வாங்கினீர்கள்? 2009 ஏப்ரலில், இப்போது இந்த ஆட்டத்தை வெளியிடும் விஸர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், திருட்டுப் பிரதிகள் பரவுகின்றன என்று சொல்லித் தன் பிடிஎஃப் நூல்களின் விற்பனையைத் திடீரென்று நிறுத்தியது. அவை முறையாக மீண்டும் விற்பனைக்கு வர 2013 ஆயிற்று. 2022ல் அதன் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ, டி அண்ட் டி பியாண்ட் தளத்தை 146 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2024 ஆகஸ்ட்டில் அந்தத் தளம் ஓர் அறிவிப்பு விட்டது: புதிய விதிகள் வருகின்றன, ஆகவே உங்கள் பாத்திரத் தாளில் இருக்கும் 2014ஆம் ஆண்டு மந்திரங்களும் மாயப்பொருள்களும் புதிய வடிவத்துக்கு மாறிவிடும், பழையது வேண்டுமென்றால் நீங்களே கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய மந்திரம், மந்திரம் போட்டாற்போல் மறைய இருந்தது. ஆட்டக்காரர்கள் போட்ட கூச்சலில் சில நாளிலேயே முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

காகிதப் புத்தகத்துக்கும் புதுப் பதிப்பு வருகிறதே என்றால், வருகிறது. பழைய பதிப்பு அதற்காக அலமாரியிலிருந்து இறங்கி நடந்துபோய்விடுவதில்லை. நடுவில் விரித்துவைத்த பக்கத்தை ஆறு பேரும் படிக்கலாம், “இங்கே என்ன போட்டிருக்கிறது, பார்” என்று விரல் வைத்துச் சண்டை போடலாம். ஒருவர் கணக்குக்குள் பூட்டிக் கிடக்கும் பக்கத்தில் விரல் வைத்தால் அது வேறு பக்கத்துக்குத் தாவுகிறது. காகிதத்துக்கு ஒரே எதிரி முறுக்கு. எண்ணெய்க் கையோடு என் மேசைக்கு வருகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதுவதாக உத்தேசம்.

கே: சாட்ஜிபிடியை டிஎம்மாக வைத்துக்கொண்டால்? எங்கள் குழுவில் யாருக்கும் டிஎம்மாக இருக்கப் பொறுமை இல்லை. (உட்லண்ட்ஸ் வாசகர்)

ப: தனியாக ஆடினால் பொழுது போகும். மேசையில் வேண்டாம். டிஎம்மின் முதல் வேலை “முடியாது” என்பது. அதுவோ எதைக் கேட்டாலும் “அருமையான யோசனை!” என்கிறது. இரண்டாவது வேலை, மூலையில் உட்கார்ந்து ஒரு மணி நேரமாக வாய் திறக்காத பெண்ணைக் கவனித்து, “உன் பக்கம் ஒரு கதவு திறக்கிறது” என்று சொல்வது. யார் பேசினார் என்பதை அது படிக்கும். யார் பேசவில்லை என்பது அதற்குத் தெரியாது. பொறுமை இல்லாத ஆறு பேரும் மாதத்துக்கு ஒருவராக முறைபோட்டுக்கொள்ளுங்கள்.

கே: எனக்குப் பார்வை குறைவு. பகடையில் விழுந்த எண்ணும் தெரியாது, தாளும் தெரியாது. கைத்தொலைபேசியின் திரைவாசிப்பான் படித்துச் சொன்னால்தான் ஆட முடியும். எல்லாரும் ‘பார்க்க வேண்டும்’ என்பது உங்கள் கட்சியென்றால் எனக்கு இடம் எங்கே? (பிடோக் வாசகி)

ப: நடுவிலேயே. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியவேண்டும் என்பதே என் கட்சி, அது கண் வழியாக வந்தாலும் காது வழியாக வந்தாலும் ஒன்றுதான். காதுக்குழலைக் கழற்றிவிட்டு ஒலியைக் கூட்டுங்கள், விழுந்த எண்ணைக் கருவி உரக்கச் சொல்லட்டும், உங்களோடு சேர்ந்து மேசையே கேட்கும். உருட்டும் சுகம் வேண்டுமென்றால் தடவி அறியும் புள்ளியெழுத்துப் பகடைகளும் இருக்கின்றன. வரைபடத்தைக் காட்டுவதோடு நிறுத்தாமல், “கதவு இடப்பக்கம், பத்தடி தூரத்தில்” என்று டிஎம் வாயால் சொல்லவும் வேண்டும். அப்படிச் சொல்லும் டிஎம்மின் கதை மற்றவர்களுக்கும் நன்றாகவே இருக்கும். கூடை வைக்கிற டிஎம் உங்கள் கருவியைக் கேட்டால், இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கூடையில் போடுங்கள்.

கே: துவாஸ் பக்கம் ஊழியர் தங்குவிடுதியில் இருக்கிறேன். கல்லூரியில் ஒன்றாக ஆடிய நண்பர்களில் இருவர் கோயம்புத்தூரில், ஒருவர் துபாயில். ஞாயிறு இரவு பத்து மணிக்குக் கைத்தொலைபேசியில் கூடி ஆடுகிறோம். என்னிடம் வேறு கருவி கிடையாது. மேசை, மேசை என்று நீங்கள் எழுதுவதைப் படித்தால் நாங்கள் ஆடுவது போலி ஆட்டமோ என்று தோன்றுகிறது. (பெயர் வேண்டாம்)

ப: போலி இல்லை. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட் காலச் சர்க்கிட் பிரேக்கர் முடக்கத்தில் இந்த ஊர் முழுக்க அப்படித்தான் ஆடியது. அதன் பிறகும் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற விதியால், ஐந்து ஆட்டக்காரர்கள் இருந்த குழுவில் ஒருவர் திரை வழியாகத்தான் வந்தார். தங்குவிடுதிகளில் அடைபட்டிருந்தவர்களுக்கு அந்தக் காலம் மற்றவர்களைவிட நெடுநாள் நீடித்தது. அப்போது கைத்தொலைபேசியை அணைத்துவைப்பதுதான் நண்பர்களைவிட்டுப் போவதாக இருந்தது. உங்கள் நிலையிலும் அப்படியே. நால்வரும் அந்தக் கருவிக்குள் கூடியிருந்தால் மேசை அங்கேதான் இருக்கிறது. எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும்போது அவரைவிட்டு வேறெங்கோ போவதைத்தான் இவ்வளவு நேரம் திட்டினேன்.

சில யோசனைகள். சின்னத் திரையில் வரைபடத்தைப் பார்க்க முயன்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வரைபடமும் பொம்மையும் இல்லாமல் பேச்சாலேயே ஆடுவது இந்த ஆட்டத்தில் தொடக்கத்திலிருந்தே உண்டு. காணொளியை அணைத்துக் குரலை மட்டும் வைத்தால் டேட்டாவும் மிஞ்சும். உங்களுக்கு இரவு பத்து என்றால் கோவையில் ஏழரை, துபாயில் மாலை ஆறு. திங்கள் காலை லாரி ஏற வேண்டியவர் நீங்கள், ஆகவே நேரத்தை உங்கள் வசதிக்கு முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள், நண்பர்கள் கேட்பார்கள். அறையில் வேலை முடித்துத் தூங்குகிறவர் இருந்தால் படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்து ஆடுங்கள். புத்தகத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகிவிட்டது. பெயர் எஸ்ஆர்டி 5.1. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், கொடுத்த உரிமத்தை நிறுவனமே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. வைஃபை கிடைக்கும்போது ஒரு பிரதியை இறக்கிக் கைத்தொலைபேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.